84 கிராம் குறைக்க ஒரு யுத்தம்! அடுத்த மாஸ்டா மியாட்டாவில் என்ன வேண்டும், என்ன வேண்டவே வேண்டாம்?

84 கிராம். ஒரு சின்ன பிஸ்கட் பாக்கெட் எடை. 2005-ல் மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5 காரை உருவாக்கியபோது, உள்ளே இருக்கும் ரியர் வியூ மிரரின் அமைப்பை எளிமையாக்கி மாஸ்டா இன்ஜினீயர்கள் மிச்சம் பிடித்தது அவ்வளவுதான். 'ஒரு டன்னுக்கு மேல இருக்கிற கார்ல 84 கிராமுக்கு இவ்வளவு அக்கப்போரா?' என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால், இந்த காரை வாங்குகிறவர்கள் ரசிப்பதே அந்த அக்கப்போரைத்தான்.

போன் வாங்கும்போது நாம் என்ன செய்வோம்? ரேம் எவ்வளவு, கேமரா எத்தனை, பேட்டரி எவ்வளவு என்று லிஸ்ட் போட்டு, எது நீளமோ அதை வாங்குவோம். கார் ஷோரூமிலும் அதே கணக்குதான். சன்ரூஃப் உண்டா, வென்டிலேட்டட் சீட் உண்டா, ஸ்க்ரீன் எத்தனை இன்ச்? லைட்வெயிட் ஸ்போர்ட்ஸ் கார் உலகத்தில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே 'இது இல்லை' என்பதும் ஒரு வசதி.

உலகத்தில் அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்றால், அது எம்எக்ஸ்-5தான். அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் ரோட்ஸ்டர் என்று பெயர். 1989-ல் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமாகி, 2016-ல் ஹிரோஷிமா தொழிற்சாலையில் 10 லட்சமாவது கார் வெளியே வந்தது. இப்போது விற்பனையில் இருப்பது நான்காம் தலைமுறை. அதன் மாடல் குறியீடு 'என்டி'. ஐந்தாவது வரப்போகிறது. அதில் என்ன இருக்க வேண்டும் என்று வாங்கக் காத்திருப்பவர்களுக்குள் நடக்கும் சண்டை, ஐ.பி.எல் சண்டைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

வெயிட்டுதான் மேட்டர்

சண்டைக்குள் போவதற்கு முன் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். காரில் எடை தனியாக வராது, சொந்தபந்தத்தோடுதான் வரும். 40 கிலோ கூடினால் அதை நிறுத்தப் பெரிய பிரேக் வேண்டும். பெரிய பிரேக்கை மூடப் பெரிய வீல். பெரிய வீலைத் தாங்க கனமான சஸ்பென்ஷன். இத்தனையையும் இழுக்கப் பெரிய இன்ஜின், அதற்குப் பெரிய ரேடியேட்டர். 40 கிலோவில் ஆரம்பித்தது எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள்.

இதே சங்கிலியைத் திருப்பிப் போட்டால் லாபம். 2015-ல் விற்பனைக்கு வந்த 'என்டி' காரில் அதைத்தான் செய்தார்கள். பானெட், டிக்கி மூடி, முன் ஃபெண்டர் எல்லாம் அலுமினியம். வீலுக்கு ஐந்து நட் இருந்த இடத்தில் நான்கு. சீட்டுக்குள் ஸ்ப்ரிங்குக்குப் பதில் வலை. டேஷ்போர்டில் க்ளவ் பாக்ஸே கிடையாது. சாமான் வைக்கும் பெட்டி சீட்டுகளுக்கு நடுவில், முதுகுப் பக்கம். இப்படிச் சுரண்டிச் சுரண்டி, முந்தைய தலைமுறையைவிட 100 கிலோவுக்கு மேல் குறைத்தார்கள். ஜப்பானில் விற்கும் 1.5 லிட்டர் அடிப்படை மாடல் 990 கிலோ. நம்ம ஊர் ஸ்விஃப்ட் சுமார் 920 கிலோ என்றால், இது எவ்வளவு லேசு என்று புரியும். நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவேதான், 3.9 மீட்டர்.

அந்த 990 என்ற எண்ணையே பெயராக்கி, '990எஸ்' என்று ஒரு ஸ்பெஷல் எடிஷனை ஜப்பானில் விற்றார்கள். அதில் கூடுதல் பவர் இல்லை, பெரிய ஸ்க்ரீன் இல்லை. வீல் ஒவ்வொன்றிலும் சுமார் 800 கிராம் குறைத்தார்கள். அதற்கு அடிப்படை மாடலைவிட விலை அதிகம்! குறைவாகக் கொடுத்ததற்குக் கூடுதலாகப் பணம். 'இதென்ன பித்தலாட்டம்' என்று என் அப்பா சொல்வார். வாங்கினவர்கள் அப்படி நினைக்கவில்லை.

பவர் கோஷ்டி Vs போதும் கோஷ்டி

முதல் சண்டை இன்ஜின். இப்போதைய 2.0 லிட்டர் இன்ஜின் 184 பி.எஸ் பவர் தருகிறது, 7,500 ஆர்.பி.எம் வரை சுற்றுகிறது. டர்போ இல்லை. 'டர்போ வையுங்கள், 250 கொடுங்கள்' என்பது ஒரு கோஷ்டியின் நெடுநாள் கோரிக்கை. எதிர்க் கோஷ்டியின் பதில்: டர்போ வந்தால் இன்டர்கூலர் வரும், குழாய்கள் வரும், கியர்பாக்ஸைப் பலப்படுத்த வேண்டும், மறுபடியும் அந்தச் சொந்தபந்தக் கதை. கூடவே, ஆக்ஸிலரேட்டரை மிதித்த அந்த நொடியே இன்ஜின் பதில் சொல்லும் சுகமும் மழுங்கிவிடும்.

இந்த விஷயத்தில் மாஸ்டா எந்தப் பக்கம் சாய்கிறது என்பது ஓரளவு தெரிந்துவிட்டது. 'ஸ்கைஆக்டிவ்-இசட்' என்ற புது பெட்ரோல் இன்ஜினை மாஸ்டா உருவாக்கிவருகிறது. 2.5 லிட்டர் அளவில், ஹைப்ரிட் துணையோடு, முதலில் சிஎக்ஸ்-5 எஸ்யூவியில் வரப்போகிறது. அடுத்த மியாட்டாவுக்கும் இந்தக் குடும்பம்தான் என்று நிறுவனத்தின் உயரதிகாரிகள் வெளிநாட்டு ஆட்டோமொபைல் பத்திரிகைகளிடம் சொல்லியிருக்கிறார்கள். எடை 1 டன்னுக்குக் கீழே, நீளம் 4 மீட்டருக்குக் கீழே என்ற இலக்கும் பேட்டிகளில் வந்துவிட்டது. மேனுவல் கியரும் தொடரும் என்கிறார்கள். அங்கே விசில் பறந்தது!

எஸ்யூவிக்கான இன்ஜினை எதற்கு ஸ்போர்ட்ஸ் காரில் வைக்க வேண்டும்? காரணம் புகை விதிகள். முழு பவரில் ஓடும்போது இன்ஜினைக் குளிர வைக்கத் தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளிப்பது பழைய வழக்கம். வரப்போகும் யூரோ-7 போன்ற விதிகளில் அந்தத் தில்லுமுல்லு கஷ்டம். எல்லா வேகத்திலும் காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில், அதாவது 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கில் எரிய வேண்டும். அதைச் செய்யத்தான் இந்த இன்ஜின். இன்ஜின் பெரிதானால் மூக்கு கனமாகாதா என்ற பயம் 'போதும்' கோஷ்டிக்கு இருக்கிறது. நியாயமான பயம்தான்.

கூரைக்கு என்ன விலை?

அடுத்தது கூரை. துணிக் கூரையை உட்கார்ந்த இடத்தில் இருந்தே ஒரு கையால் பின்னால் தள்ளிவிடலாம். மோட்டார் இல்லை, ஸ்விட்ச் இல்லை. 'மழை, திருட்டு, ஹைவே சத்தம் இதுக்கெல்லாம் என்ன பண்றது?' என்று கேட்பவர்களுக்காக, மூன்றாம் தலைமுறையில் 12 நொடிகளில் மடங்கும் கெட்டிக் கூரை வந்தது. எடை சுமார் 35 கிலோ கூடியது. நான்காம் தலைமுறையில் ஆர்.எஃப் என்ற மடங்கும் ஃபாஸ்ட்பேக். அதிலும் 45 முதல் 50 கிலோ வரை கூடுதல்.

கிலோவைவிட முக்கியம், அந்தக் கிலோ எங்கே உட்காருகிறது என்பது. கூரையின் எடை காரின் உச்சியில் இருக்கிறது. தலைமேல் குடம் வைத்துக்கொண்டு திரும்புவதற்கும், அதே குடத்தை இடுப்பில் வைத்துத் திரும்புவதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனாலும் தினமும் ஆபீசுக்கு ஓட்டப் போகிறவர், தெருவில் பார்க் பண்ணுகிறவர் என்றால் ஆர்.எஃப் வாங்குவதில் தப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைக்கு மட்டும் என்றால், துணிக் கூரை. என்னைக் கேட்டால் துணிதான். மூன்று நொடியில் வானம் திறக்கும் வசதியை எந்த மோட்டாரும் தராது.

கேட்டால் கிடைக்குமா?

கிடைக்கும். சாட்சி இருக்கிறது. 'என்டி' வந்தபோது அதன் ஸ்டீயரிங்கை மேலே கீழே மட்டும்தான் நகர்த்த முடியும். முன்னே பின்னே இழுக்க முடியாது. உயரமானவர்கள் திட்டித் தீர்த்தார்கள். காலுக்கு இடம் வேண்டும் என்று சீட்டைப் பின்னால் தள்ளினால், கைக்கு ஸ்டீயரிங் எட்டாது. 2019 மாடலில் 30 மி.மீ முன்னே பின்னே நகரும் ஸ்டீயரிங் வந்துவிட்டது. இதற்கும் கொஞ்சம் எடை கூடத்தான் செய்யும். ஆனால், சரியாக உட்காரவே முடியாத காரில் எத்தனை கிராம் குறைத்து என்ன பிரயோஜனம்?

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம், 'கைனமேட்டிக் போஸ்ச்சர் கன்ட்ரோல்'. பெயரைப் பார்த்து பயப்படாதீர்கள். வேகமாக வளைவில் திரும்பும்போது, உள்பக்கப் பின் சக்கரத்தில் மட்டும் பிரேக்கை லேசாகத் தொடும். அதனால் காரின் பின்பக்கம் மேலெழும்பாமல் தரையோடு ஒட்டிப் போகும். இதற்கு புது பாகம் எதுவும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் பிரேக், ஏற்கெனவே இருக்கும் சென்சார், புது சாஃப்ட்வேர். கூடிய எடை, பூஜ்யம். அடுத்த காருக்கு லிஸ்ட் போடுகிறவர்கள் இந்த வகை வசதிகளை நிறையக் கேட்கலாம்.

கப் ஹோல்டர் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். 'என்டி' காரில் அது கழற்றி மாட்டும் கப். ஒன்றை பயணியின் முழங்கால் பக்கத்திலும் மாட்டலாம், காலில் இடிக்கும். இதற்கும் நீண்ட விவாதங்கள் உண்டு. நான் அதற்குள் போகவில்லை.

சட்டம் என்ற மூன்றாவது ஆள்

வாங்குபவரும் தயாரிப்பவரும் ஒத்துப்போனாலும், நடுவில் அரசாங்கங்கள் இருக்கின்றன. ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் புது கார்களுக்குப் பாதுகாப்பு விதிகள் இறுகின. கேமராவும் எச்சரிக்கைக் கருவிகளும் கட்டாயம். டொயோட்டா ஜிஆர்86 என்ற அருமையான லைட்வெயிட் கூபே, இரண்டே வருடங்களில் அங்கே விற்பனையில் இருந்து விலகியது. அதே சமயத்தில் வந்த சைபர் பாதுகாப்பு விதி, போர்ஷே 718 காரையும் ஐரோப்பிய யூனியனில் வீட்டுக்கு அனுப்பியது. மியாட்டா தப்பித்தது, 2023 இறுதியில் மின்னணு அமைப்பையே புதுப்பித்து 8.8 இன்ச் ஸ்க்ரீன், அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோல் எல்லாம் சேர்த்தார்கள். 'எங்களுக்கு ஸ்க்ரீன் வேண்டாம்' என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிவர்ஸ் கேமரா கட்டாயமாக இருக்கும் நாடுகளில் ஏதோ ஒரு ஸ்க்ரீன் இருந்தே தீரும்.

பேட்டரி இன்னொரு கதை. நம் நாட்டில் 2025-ல் வந்த எம்ஜி சைபர்ஸ்டர் இரண்டு சீட் எலெக்ட்ரிக் ரோட்ஸ்டர்தான். 510 பி.எஸ் பவர், 0-100 கி.மீ வேகம் 3.2 நொடி. ஆனால், எடை கிட்டத்தட்ட 2 டன். நேர்கோட்டில் ராக்கெட். அதே வேகத்தில் இருந்து நிறுத்தும்போது, 1 டன் காரைப்போல் இரண்டு மடங்கு ஆற்றலை அதன் பிரேக்குகள் விழுங்க வேண்டும். எலெக்ட்ரிக்கிலும் லேசாகச் செய்ய முடியும் என்று இங்கிலாந்தின் கேட்டரம் நிறுவனம் 2023-ல் 'ப்ராஜெக்ட் வி' கான்செப்ட்டைக் காட்டியது. 55 கிலோவாட் ஹவர் பேட்டரியோடு இலக்கு எடை 1,190 கிலோ. அதைக் காட்டும்போது சொன்ன விலை 80,000 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. மியாட்டாவின் அடையாளமே சாதாரண சம்பளக்காரர் எட்டிப் பிடிக்கும் விலைதான் என்பதால், இந்தப் பாதை இப்போதைக்கு அதற்குச் சரிவராது.

காத்திருப்பதா, வாங்குவதா?

மாஸ்டா இந்தியாவில் கடை விரிக்கவில்லை. அதனால் இது லண்டனிலோ மெல்போர்னிலோ இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கான கேள்வி. 1.5 லிட்டர், 2 லிட்டர், துணிக் கூரை, மேனுவல் கியர் என்று இன்றைக்குக் கிடைக்கும் எளிமை உங்களுக்குப் பிடித்திருந்தால் காத்திருக்க வேண்டாம் என்பதே என் கட்சி. அடுத்தது 1 டன்னுக்குள் வந்தால் சந்தோஷம். ஆனால் இலக்கு வேறு, எடை மெஷின் வேறு. பழைய காருக்கு ஸ்பேர் கிடைக்குமா என்று பயம் வேண்டாம். 1989-ல் வந்த முதல் தலைமுறை காருக்கே, துணிக் கூரை முதல் ஸ்டீயரிங் வரை திரும்பத் தயாரித்து, ஜப்பானில் ரெஸ்டோர் செய்து தருகிறது மாஸ்டா.

டெஸ்ட் டிரைவுக்குப் போனால் ஒன்று செய்யுங்கள். கூரையைத் திறந்து அசத்துவார்கள், மூடச் சொல்லுங்கள். மூடிய கூரைக்குள் தலை இடிக்கிறதா, க்ளட்ச்சை மிதிக்கும்போது முழங்கால் ஸ்டீயரிங்கில் உரசுகிறதா என்று பாருங்கள். அப்படியே உங்கள் ஆபீஸ் பேகையும் எடுத்துப்போய் டிக்கியில் வைத்துப் பாருங்கள். துணையோடு ஊருக்குப் போக ஆளுக்கு ஒரு சின்ன பேக்தான் அதில் கொள்ளும். இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.