எடைக்குப் போடும் முன்: மூர் மார்க்கெட்டும் முனீஸ்வரன் கோவில் தெருவும்

பிளாட்டுக்குக் குடிவந்த புதிதில் நம்மில் பலர் செய்த முதல் காரியம், பித்தளை அண்டாவையும் தவலையையும் எடைக்குப் போட்டதுதான். லாஃப்டில் இடமில்லை, ஈயம் பூச ஆள் வருவதில்லை. வாசலுக்கு வந்தவர் தராசில் வைத்தார், கிலோவுக்கு இவ்வளவு என்றார், கொடுத்துவிட்டோம். இன்னும் சிலர் வீட்டில் கூஜா, வெற்றிலைச் செல்லம், பெரிய படி, சாவி கொடுக்கும் சுவர்க் கடிகாரம் என்று ஏதாவது மிச்சமிருக்கும். இந்தக் கட்டுரை அவர்களுக்காக. பழைய பொருளை விற்க வாசல் தராசு ஒன்றுதான் வழி என்ற நிலை நம் ஊரில் எப்போதும் இருந்ததில்லை.

ஆவடிக்கோ திருவள்ளூருக்கோ புறநகர் ரயிலில் போகிறவர்கள் 'மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குரிய மார்க்கெட், சென்ட்ரல் பக்கத்தில் அதே இடத்தில்தான் இருந்தது. பிராட்வேயில் இருந்த பாப்ஹாம் மார்க்கெட் சுகாதாரக் கேடாகிவிட்டது என்று, மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் புதிய மார்க்கெட்டுக்கு ஏற்பாடு செய்தார். 1898-ல் அடிக்கல், 1900-ல் திறப்பு விழா. நடுவில் முற்றம், சுற்றிலும் கடைகள், ரிப்பன் மாளிகைக்கும் முந்தைய சிவப்புக் கட்டடம். கட்டியபோது நோக்கம் கறி, மீன், காய், பூ விற்பதுதான். பழைய புத்தகமும் கிராமபோன் தட்டும் கைமாறிய கடிகாரமும் பிறகு வந்து சேர்ந்தவை. பட்டணத்துக்காரர்கள் கடைசியில் அந்த இடத்தை நினைவில் வைத்திருப்பது காய்கறிக்காக அல்ல, இப்படி வந்து சேர்ந்த சாமான்களுக்காக. அம்மா அப்பாவைத் தவிர எல்லாம் அங்கே கிடைக்கும் என்பார்கள்.

அங்கே போய்வந்த பெரியவர்கள் நம் பிளாக்குகளிலேயே இருக்கிறார்கள். மாலை நடைப்பயிற்சியின்போது கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவார்கள். ஒன்றும் வாங்காமல் சுற்றுவதுதான் அதில் பாதி சுகம். ஒரே மாதிரிப் புத்தகத்தை நாலு கடையில் பார்க்கலாம், நாலு விலை கேட்கலாம். பிடித்த பொருளைப் பிடித்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் இருக்கும் வேறொன்றின் விலையை முதலில் கேட்க வேண்டும். பாதிக்குப் பாதி சொல்லிவிட்டு நடையைக் கட்டினால், கூப்பிடுவாரா மாட்டாரா என்று முதுகில் ஒரு காது முளைக்கும். கூப்பிடாவிட்டால் அடுத்த கடை இருக்கிறது.

விற்கிறவருக்கும் அந்த 'அடுத்த கடை' தான் பலம். பரீட்சை முடிந்ததும் பாடப்புத்தகத்தை விற்க வந்த மாணவனானாலும், முடை வந்து கடிகாரத்தை விற்க வந்த குமாஸ்தாவானாலும், ஒருவர் சொன்ன விலை சரிப்படவில்லையென்றால் பத்தடி தள்ளி இன்னொருவர். கடைகள் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் விலை ரகசியமாக இருக்க முடியவில்லை. நம் வீட்டு வாசலில் நிற்கும் தராசுக்கு அந்தப் பயம் கிடையாது. அங்கே வாங்குகிறவர் ஒருவர்தான், அவருக்குத் தெரிந்த விலையும் உலோகத்தின் விலை மட்டும்தான்.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. இடத்தை ரயில்வேக்குக் கொடுக்கும் பேச்சு முன்பே இருந்ததாலும், வியாபாரிகள் அதை எதிர்த்து வந்ததாலும், தீயைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். கடைக்காரர்கள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். பழைய இடத்தில் ரயில்வே கட்டடம் எழுந்தது. மார்க்கெட்டின் சிறிய மாதிரி ஒன்றை அங்கே செய்து வைத்திருக்கிறார்கள். ரயிலுக்கு நேரமிருந்தால் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

பழைய காகிதத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு ரோஜா முத்தையாவைச் சொல்வேன். காரைக்குடி பக்கம் கோட்டையூர்க்காரர், விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். மற்றவர்கள் கழித்த பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் எல்லாவற்றையும் சேர்த்துவைத்தார். அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியோடு, 1994-ல் அந்தச் சேகரிப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. இன்று தரமணியில் இருக்கிறது. உலகம் முழுவதிலுமிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள்.

அதே காரைக்குடியில்தான் முனீஸ்வரன் கோவில் தெரு. பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்கும், சுவீடன், செக்கோஸ்லோவாகியா, ஜப்பான் எனாமல் பாத்திரங்களும், ரவிவர்மா அச்சுப் படங்களும் குவிந்த காலம் ஒன்று. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபின் வருமானம் முறிந்தது. வீடு ஒன்று, பங்காளிகள் பலர், பராமரிக்க ஆளில்லை என்றானபோது, தூணும் கதவும்கூட விலைக்கு வந்தன. பாகம் பிரிக்க முடியாத வீட்டைச் சாமானாகப் பிரித்தார்கள். அந்தக் கடைகளில் அடுக்கடுக்காக நிற்கும் எனாமல் தூக்குச் சட்டிகளைப் பார்க்க ரசமாகத்தான் இருக்கும். ஒரு பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்து, அடியில் வெட்டிய குடும்ப விலாசத்தைப் படித்துவிட்டால் ரசனை கொஞ்சம் குறையும். சீராக வந்த பாத்திரம் அது, ஒரு பெண்ணோடு வந்தது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறு வருஷம் கடந்த சிற்பம், ஓவியம் போன்றவை தொல்பொருள். மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகளுக்கு எழுபத்தைந்து வருஷமே போதும். இவற்றை வியாபாரம் செய்பவருக்கு உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பூஜை அறையில் மிகப் பழைய உலோக விக்கிரகம் இருந்தால், அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்குப் பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். தொல்லியல் துறையிடம் பதிவு பற்றி விசாரியுங்கள். பாட்டி காலத்துத் தவலைக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

அமெரிக்காவில் 'ஆன்டிக் மால்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. பெரிய கட்டடம், ஆளுக்கொரு மூலை வாடகைக்கு, எல்லோருக்கும் ஒரே கல்லா. ஒவ்வொரு பொருளிலும் விற்பவரின் எண்ணோடு ஒரு சீட்டு தொங்கும். அவர் கடையில் உட்கார்ந்திருக்கவே வேண்டாம். நம் கம்யூனிட்டி ஹாலில் ஒருநாள் இதைச் செய்து பார்க்கலாம் என்று சங்கத்தில் பேசியிருக்கிறோம். போகிக்கு முந்தைய ஞாயிறு சரியாக இருக்கும், அந்த வாரம்தான் வீட்டுக்கு வீடு கழிக்கிறார்கள். மேஜை ஒன்று, சீட்டில் பிளாட் எண்ணும் விலையும், கல்லாவில் பொருளாளர்.

கலந்துகொள்ள விரும்புகிறவர்கள் பெயர் கொடுங்கள். புளி போட்டுத் தேய்ப்பதற்கு முன் பாத்திரத்தின் விளிம்பையும் அடியையும் வெளிச்சத்தில் பாருங்கள். புள்ளி புள்ளியாகப் பெயரும் தேதியும் வெட்டியிருந்தால் அதையும், யாருடைய கல்யாணத்துக்கு வந்தது என்பதையும் சீட்டின் பின்பக்கம் எழுதிவிடுங்கள். வாங்கிக்கொண்டு போகிறவர் எட்டாவது மாடிக்காரராக இருந்தால், தவலையைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் லிப்டில் ஏறிப் போகலாம்.