குருத்தெலும்பு

குருத்து என்பது வாழையிலோ பனையிலோ விரியாமல் சுருண்டிருக்கும் இளம் இலை. அதோடு எலும்பு சேர்ந்து பிறந்த சொல் இது. ஆட்டு நெஞ்செலும்பு சூப்பில் விலா நுனியில் வெள்ளையாக, கடித்தால் 'நறுக்'கென்று உடைகிறதே, அதுதான். மூக்கு நுனியையும் காது மடலையும் மடக்கிப் பார்த்தாலும் தெரியும்.

உண்மையில் இது எலும்பே அல்ல, தனித் திசு. சுண்ணாம்புச் சத்தால் இறுகிய எலும்புக்குள் ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. குருத்தெலும்பில் அவை இல்லை. சத்து மெல்லக் கசிந்தே செல்களை அடைகிறது. மூட்டில் தேய்ந்தது எளிதில் வளராததற்கு இது முக்கியக் காரணம்.

பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையோ எலும்பை ஐந்து வகையாக்கி, குருத்தெலும்பையும் அதில் ஒன்றாக வைத்து, 'தருணம்', அதாவது இளையது, என்கிறது. பல்லையும் இதையும் சேர்த்தே அது 300 எலும்புகள் என எண்ணியது. இன்றைய கணக்கு 206. இலங்கைப் பாடநூல்களில் குருத்தெலும்பின் பெயர் கசியிழையம்.

ஆனாலும் குருத்து என்ற பெயர் எனக்கு மிகப் பிடிக்கும். கருவில் கை, கால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகவே உருவாகி, பிறகு எலும்பாகின்றன. பிள்ளைகள் உயர்வதும் எலும்பு முனையருகே உள்ள குருத்துத் தட்டால்தான். பதின்ம வயது முடியும்போது அது பெரும்பாலும் மூடிவிடும்.