இராமநாதபுரம் கடற்கரையில் நரியைத் தேடிய வரலாறு

கண்மாய்க் கரைகள், பனங்காடுகள், உடைமரப் புதர்கள், கடலோர மணல்மேடுகள் என விரியும் இராமநாதபுரம் சீமை நரிக்கு ஏற்ற நிலம். எலி, முயல், நண்டு, பூச்சி, செத்த கால்நடை, இலந்தைப் பழம் என எதையும் தின்று இந்த வறண்ட மண்ணில் அது பிழைத்து வந்திருக்கிறது. வயல் எலிகளைத் தின்பதால் உழவருக்கு உதவி, கோழியையும் ஆட்டுக்குட்டியையும் தூக்குவதால் பகை என இரண்டுமாக அது ஊருக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தது. பகலில் புதருக்குள் படுத்து, அந்தி சாய்ந்த பின் வெளியே வருவதால், அதைக் கண்டவர்களைவிட அதன் ஊளையைக் கேட்டவர்களே எப்போதும் அதிகம்.

பாக் நீரிணையின் இரு கரைகளிலும் நரி உண்டு. பனியூழியில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது இராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் இடையே இருந்த தரைவழியே நரி அக்கரை சேர்ந்திருக்கலாம். நாய்க் குடும்பத்துக் காட்டு விலங்குகளில் இன்று இலங்கையில் வாழ்வது நரி மட்டுமே. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பாலூட்டிகள் ஆய்வில் ஈடுபட்ட ஆர். சி. ரௌட்டன், 1916-இல் தென்னிந்திய நரியைத் தனித் துணையினமாக விவரித்து அதற்கு 'நரியா' என்று பெயரிட்டார். இலங்கை நரியும் அதே துணையினத்தில் சேர்க்கப்படுகிறது.

இக்கரையின் பழங்கதையிலும் நரிக்கு இடமுண்டு. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவிட்டார். அவருக்காகச் சிவன் நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டிவந்தார். இரவில் அவை மீண்டும் நரிகளாகிக் காட்டுக்கு ஓடின. திருப்பெருந்துறை என்பது இராமநாதபுரத்துக்கு வடக்கே, கடலுக்கு அருகிலுள்ள இன்றைய ஆவுடையார்கோயில். நரி பரியான செய்தி அப்பர் தேவாரத்திலேயே இருப்பதால் கதை மிகப் பழையது. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இது இன்றும் திருவிளையாடலாக நடத்தப்படுகிறது. பாண்டிய நாட்டுத் துறைகளில் கடல்வழியாகக் குதிரைகள் வந்திறங்கியது வரலாறு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைமுகத்தின் குதிரை வணிகத்தை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அரசனின் செல்வமான குதிரையையும் ஊர்ப்புறத்து நரியையும் ஒரே கதையில் சேர்க்க, இரண்டையும் அறிந்த நாடு வேண்டும்.

நரியை நேரடியாகத் தேடிச் சென்றவர்கள் நரிக்குறவர்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' நூல் இவர்களைக் குருவிக்காரர் என்ற பெயரில் விவரிக்கிறது. இரவில் வலை விரித்துவிட்டு ஒருவர் மறைந்திருந்து நரியைப் போல ஊளையிடுவார். நரி தனக்கென ஓர் எல்லை வகுத்து இணையாக வாழும் விலங்கு. அயல் குரல் கேட்டால் பதில் ஊளையிடும், நெருங்கியும் வரும். இந்த இயல்பைத் துல்லியமாக அறிந்திருந்ததே அவர்கள் தொழிலின் அடிப்படை. இறைச்சியோடு 'நரிக்கொம்பு'ம் விற்பனைக்கு வந்தது. நரிக்குக் கொம்பு கிடையாது. ஆனாலும் நரிக்கொம்பு செல்வம் தரும் என்ற நம்பிக்கை நரிகளைக் காவு வாங்கியது.

20-ஆம் நூற்றாண்டில் நிலமே மாறியது. 1950-களுக்குப் பிறகு விறகுக்காகப் பரப்பப்பட்ட சீமைக்கருவேலம் தரிசுகளையும் கண்மாய்களையும் மூடியது. அதன் அடர்ந்த முள்புதர் நரிக்குப் பகல் மறைவாகப் பயன்பட்டாலும், பழைய மேய்ச்சல் வெளிகளைச் சுருக்கியது. பெருகிய தெருநாய்கள் இரைக்குப் போட்டியாயின, வெறிநோயையும் பரப்பின. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காலப்போக்கில் நரி வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்தது. 2022 திருத்தம் நரியை முதல் அட்டவணைக்கு உயர்த்தி, புலிக்குரிய சட்டப் பாதுகாப்பை அதற்கும் அளித்தது.

இன்று நரியைப் பார்க்க விரும்புவோருக்கு விடியலும் அந்தியுமே ஏற்ற நேரங்கள். கடலோர மணலிலும் கண்மாய்ச் சேற்றிலும் கால்தடம் தெளிவாகப் பதியும். அதன் மலத்தில் நண்டு ஓடு, எலி மயிர், பழக்கொட்டை ஆகியவை தெரியும். ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் மணலைத் தோண்டி முட்டைகளைத் தின்ன நரி கரைக்கு வருவதுண்டு. பாக் நீரிணையின் வடமுனையில், 1967-இல் சரணாலயமான கோடியக்கரையில், வெளிமான்கள் மேயும் புல்வெளியிலேயே நரிகளைக் காணலாம். ஆய்வாளர்கள் தானியங்கிக் கேமராக்களைப் பயன்படுத்துகிறார்கள். பதிவு செய்த ஊளையை ஒலிக்கவிட்டுப் பதில் குரல்களை எண்ணும் முறை கிரீஸ் போன்ற நாடுகளில் நரிக் கணக்கெடுப்புக்கு உதவியிருக்கிறது. நரிக்குறவர்கள் வலைக்குப் பயன்படுத்திய அறிவின் அடிப்படையும் இதுவே. அந்த அறிவை வைத்திருக்கும் முதியவர்களிடமிருந்து அதைப் பதிவு செய்வது, இந்தக் கரையின் நரிகளைக் கணக்கிடவும் காக்கவும் பெரிதும் துணைசெய்யும்.