திரி வழியே ஏறும் தண்ணீர்

அகல் விளக்கில் எண்ணெய் திரி வழியாக மேலேறிச் சுடரை அடைகிறது. பூந்தொட்டியின் அடித்துளையில் நைலான் கயிறு ஒன்றைச் செருகி, மறுமுனையைக் கீழே தண்ணீர்ப் பாத்திரத்தில் விட்டால் செடிக்கும் அப்படியே நீர் கிடைக்கும். இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். குழாய் எவ்வளவு குறுகலோ, நீர் அவ்வளவு உயரம் ஏறும் என்பதை இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூரின் 1718-இல் விளக்கினார். அந்த உயரத்திற்கு எல்லை வகுப்பது புவியீர்ப்பு விசை.

விண்வெளி நிலையத்திலோ எடையே இல்லை. அங்கே தண்ணீர் தொட்டதையெல்லாம் பற்றிப் படரும். 2014-இல் நாசா 'வெஜ்ஜி' என்ற சிறு தோட்டத்தை அங்கு அனுப்பியது. சுட்ட களிமண் துகளும் உரமும் நிரப்பிய பைகளில் திரிகள், திரிகளில் விதைகள். அதில் விளைந்த லெட்யூஸ் கீரையை வீரர்கள் 2015 ஆகஸ்ட் 10 அன்று உண்டனர்.

அடுத்து ஜின்னியா பூச்செடி. 2015 டிசம்பரில் திரிகளிலிருந்து நீர் கசிந்து செடிகளைச் சூழ்ந்தது. இலைகளில் பூஞ்சை பிடித்தது. மின்விசிறியின் வேகத்தைக் கூட்டியதும் செடிகள் வாடத் தொடங்கின. எப்போது தண்ணீர் விடுவது என்பதைச் செடியின் அருகில் இருப்பவரே முடிவு செய்ய வேண்டும் என்றார் விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி. தரைக்கட்டுப்பாட்டுக் குழு ஒப்புக்கொண்டு, ஒரே பக்கக் குறிப்பை மட்டும் அனுப்பியது.

சில செடிகள் மடிந்தன. பிழைத்ததில் ஒன்று 2016 ஜனவரியில் ஆரஞ்சு நிறத்தில் பூத்தது. தண்ணீரைக் கொண்டு சேர்க்கத் திரி போதும். அளவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதை அந்தப் பூ உணர்த்தியது.