டிக்கெட் எடுத்த பிறகு கட்டணம் குறைந்தால்...?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயில் ஏறினால் ராஜபாளையம் கால் மணி நேரத்தில் வந்துவிடும். இந்தச் சின்னத் தூரத்துக்கு கொரோனாவுக்கு முன்னால் பாசஞ்சர் வண்டியில் 10 ரூபாய்தான். ஊரடங்குக்குப் பிறகு மதுரை - செங்கோட்டை வண்டி "முன்பதிவில்லா விரைவு சிறப்பு ரயில்" என்ற நீளமான பெயருடன் திரும்பி வந்தது. பெயர் நீண்டதோடு குறைந்தபட்சக் கட்டணமும் 30 ரூபாயாக நீண்டது. அதே தண்டவாளம், அதே வெயில்! 2024 பிப்ரவரி கடைசியில்தான் கட்டணம் மறுபடியும் 10 ரூபாய்க்கு இறங்கியது. நடுவில் கொடுத்த அந்த இருபது இருபது ரூபாய்கள்? போனது போனதுதான்.

அன்றாட டிக்கெட்டில் திருப்பிக் கேட்க வழியில்லை, சரி. ஆனால் முன்பதிவு செய்த டிக்கெட் வேறு கதை. பணம் வாங்கியாயிற்று, பயணம் இன்னும் நடக்கவில்லை. இடையில் கட்டணம் மாறினால் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு?

ரயில்வேயின் பழக்கத்தைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 2014 ஜூன் 25 அன்று பயணிகள் கட்டணம் 14.2 சதவீதம் உயர்ந்தது. அதற்கு முன்பே முன்பதிவு செய்திருந்தவர்களிடமும் வித்தியாசத் தொகை வசூலிக்கப்பட்டது. டி.டி.ஆர். ரசீதுப் புத்தகத்துடன் வந்து நின்றார். ஒப்பந்தம் முடிந்த பிறகு விலையை ஏற்றலாம் என்பதுதான் இதன் அர்த்தம். 2020 ஜனவரி 1 உயர்விலும், 2025 ஜூலை 1 உயர்விலும் இந்த வழக்கம் கைவிடப்பட்டது. பழைய டிக்கெட் பழைய விலையிலேயே செல்லும் என்று அறிவித்தார்கள். நல்ல மாற்றம்தான்.

குறையும்போது என்ன நடந்தது? 2021 நவம்பரில் சிறப்பு ரயில்கள் எல்லாம் பழைய எண்ணுக்கும் பழைய கட்டணத்துக்கும் திரும்பின. பூஜ்யத்தில் தொடங்கிய எண்ணோடு ஓடிக்கொண்டிருந்த பொதிகையும் மறுபடி 12661 ஆனது. சிறப்பு ரயில்கள் சிலவற்றில் கூடுதல் கட்டணம் கொடுத்து முன்பதிவு செய்திருந்தவர்களுக்குக் கிடைத்த பதில்: கூடுதலாக வசூலிக்கவும் மாட்டோம், திருப்பித் தரவும் மாட்டோம். 2023 ஜூலையில் கூட்டமில்லாத ரயில்களின் ஏ.சி. சேர் கார், எக்சிகியூட்டிவ் வகுப்புகளுக்கு 25 சதவீதம் வரை தள்ளுபடி தரலாம் என்ற உத்தரவு வந்தது. ஏற்கனவே முன்பதிவு செய்தவர்களுக்கு எதுவும் திரும்பாது என்று அதிலும் ஒரு வரி இருந்தது.

அப்படியானால் ரத்து செய்துவிட்டு மறுபடி எடுத்தால் என்ன என்று தோன்றும். 2015 நவம்பரில் வந்த விதிகளின்படி, உறுதியான ஸ்லீப்பர் டிக்கெட்டை 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தாலும் 120 ரூபாய் பிடித்தார்கள். ஐம்பது ரூபாய் குறைந்ததற்காக 120 ரூபாயை யார் விடுவார்? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். அதோடு மறுபடி எடுக்கும்போது இடம் கிடைக்க வேண்டுமே! பொதிகையில் தீபாவளி சமயத்தில் டிக்கெட்டை விட்டுவிட்டுப் பிடிக்கப் பார்க்கிறவர் செங்கோட்டை வரை நின்றுகொண்டேதான் வர வேண்டும்.

விமானத்தில் இந்தக் கேள்வியே ஒரு காலத்தில் எழுந்ததில்லை. 1953 சட்டப்படி உள்நாட்டு விமானப் போக்குவரத்து முழுவதும் அரசிடம் இருந்தது. காலையில் ஒரு விலை மாலையில் ஒரு விலை என்ற பேச்சே கிடையாது. 1994 மார்ச்சில் அந்தச் சட்டம் விலக்கப்பட்டது. 2003ல் ஏர் டெக்கான் வந்தது, ஒரு ரூபாய் டிக்கெட் கூட விற்றது. அதன் பிறகுதான் பக்கத்து இருக்கைக்காரர் என்ன விலைக்கு வாங்கினார் என்று கேட்டு வயிறெரியும் வழக்கம் நம் நாட்டில் ஆரம்பமானது.

அமெரிக்காவில் இது முன்னாலேயே நடந்துவிட்டது. 1992 கோடையில் விமான நிறுவனங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தன. ஏற்கனவே டிக்கெட் வாங்கியிருந்தவர்கள் பழையதை நீட்டிப் புதிய விலைக்கு மாற்றித் தரச் சொன்னார்கள். டிராவல் ஏஜெண்டுகள் ஒரே டிக்கெட்டை இரண்டாம் முறை எழுதி எழுதிக் களைத்தார்கள். அந்த ஆண்டு விமான நிறுவனங்களுக்குப் பெரும் நஷ்டம். வித்தியாசத்தைத் திருப்பித் தர நிறுவனங்கள் ஏன் தயங்குகின்றன என்பது இதிலிருந்தே புரியும்.

ராஜபாளையத்துக்காரருக்கு அருகில் உள்ள விமான நிலையம் மதுரைதான். அங்கிருந்து சென்னைக்கு டிக்கெட் எடுத்த பிறகு விலை இறங்கினால், வித்தியாசத்தைத் தந்தே ஆக வேண்டும் என்ற விதி இந்தியாவில் இல்லை. சில பாதுகாப்புகள் மட்டும் உண்டு. 2016 ஆகஸ்ட் முதல், ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக் கூடாது. விமான நிலையக் கட்டணங்களும் வரிகளும் பயணிக்குத் திரும்ப வேண்டும். புறப்பாட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் இருக்கும்போது முன்பதிவு செய்தால், 24 மணி நேரத்துக்குள் பிடித்தமில்லாமல் ரத்து செய்யலாம் என்று 2019ல் வெளியான பயணிகள் சாசனம் சொன்னது. அப்போது அந்த ஒரு நாளுக்குள் விலை இறங்கியிருந்தால் அதிர்ஷ்டம்.

ரயிலில் வித்தியாசம் கேட்டுப் பெற முடிகிற இடமும் ஒன்று இருக்கிறது. ஏ.சி. வேலை செய்யாவிட்டாலோ, கீழ் வகுப்பில் உட்கார வைத்தாலோ, டி.டி.ஆரிடம் சான்று வாங்கி வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் பணம் வரும். பலர் அந்தச் சான்றை வாங்காமலேயே எழும்பூரில் இறங்கிப் போய்விடுகிறார்கள்.