நடுக்கத்தை அளக்க ஓர் அளவுகோல்

ஒரு துண்டுத் துணியை ஐந்து பேரிடம் கொடுத்து, முழம் போட்டு அளக்கச் சொல்லுங்கள். ஐவரும் ஒரே அளவைச் சொல்வார்களா? மாட்டார்கள். துணி மாறவில்லை, கைதான் மாறுகிறது. நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயை ஆராய்ந்தவர்களுக்கும் நெடுங்காலம் இதே தொல்லைதான்.

1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு நோயாளிகளைக் கொண்டு இந்நோயை விவரித்தார். அவருக்கிருந்த கருவி கண் ஒன்றே. 1960-இல் வியன்னாவில் எரிங்கரும் ஹோர்னிகீவிச்சும், இந்நோயால் இறந்தோரின் மூளையில் டோப்பமைன் என்னும் பொருள் மிகக் குறைந்திருக்கக் கண்டனர். ஆனால் உயிருள்ளவரின் மூளையை அறுத்துப் பார்க்க இயலுமா? ஆகவே நடை, நடுக்கம் ஆகியவற்றைப் பார்த்தே நோயை மதிப்பிட்டு வந்தனர். 1967-இல் அதனை ஐந்து படிகளாகவும் வகுத்தனர். எனினும், மருந்து உண்டதும் நடுக்கம் தணியும், மதிப்பீடும் மாறிவிடும்.

1997-இல் ஒரு புதுவழி தென்பட்டது. நோயுற்ற மூளையணுக்களில் திரண்டு கிடப்பது ஆல்பா-சைனூக்ளின் என்னும் புரதம் எனத் தெரிந்தது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள நீரில் இதனை அளக்கலாமே! அளந்தார்கள். ஆனால் சோதனைக்கூடத்துக்குச் சோதனைக்கூடம் எண்கள் வேறுபட்டன. ஏன் தெரியுமா? இரத்தச் சிவப்பணுக்களில் இப்புரதம் ஏராளம். முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்கையில் சிறிது இரத்தம் கலந்தாலும் கணக்குப் பிழைத்துவிடும். குழாயின் சுவரிலும் புரதம் ஒட்டிக்கொள்ளும்.

இந்நோயோ பல ஆண்டுகளில் மெல்ல முற்றுவது. முதலாண்டு ஒரு வகைக் குழாய், மூன்றாம் ஆண்டு வேறொரு வகை என்றால், மாறியது நோயா, குழாயா? புது மருந்து பலித்ததா என்று எவ்வாறு சொல்வது? நோயாளி வலி பொறுத்துக் கொடுத்த நீர் வீணாகிவிடும் அல்லவா?

2010-இல் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அறநிலையத்தின் ஆதரவில் தொடங்கிய பன்னாட்டு ஆய்வு இதற்கு வழி கண்டது. எல்லா ஊர்களிலும் ஒரே கையேடு. நீரை எடுப்பதிலும் உறையவைத்துக் காப்பதிலும் ஒரே முறை. அவ்வாறு சேமித்த 1,123 பேரின் நீரை ஆராய்ந்த முடிவு 2023-இல் வெளிவந்தது. இம்முறை அளவைப் பார்க்கவில்லை. சிறிது மோர் பாலை உறையச் செய்வதுபோல, கெட்ட புரதம் நல்ல புரதத்தையும் திரளச் செய்கிறதா என்று பார்த்தனர். நோயாளிகளில் நூற்றுக்கு 88 பேரிடம் அது திரண்டது. நலமாயிருந்தவர்களில் நூற்றுக்கு 96 பேரிடம் திரளவில்லை.

இச்சோதனை நோயின் சுவடு உண்டா, இல்லையா என்பதைச் சொல்லும். எவ்வளவு முற்றியது என்று சொல்லாது. அதற்கான அளவுகோலை இனித்தான் செய்ய வேண்டும். ஆனால் அதனை எல்லாரும் ஒரே விதமாகப் பிடிக்கக் கற்றுவிட்டார்கள். பாதி வேலை அதுதானே!