கூடுதல் ஒரு மணி நேரம்: தாம்பரம் வட்டாரத்தில் ஏடிஎச்டியும் நுழைவுத் தேர்வும்

தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. பார்வையற்றோர், பெருமூளை வாதம் உள்ளோர், டிஸ்லெக்சியா உள்ளோர் என்று ஒவ்வொரு தரப்பாகக் கேட்டுப் பெற்றவை அவை. கவனம் சிதறுவதும் ஓரிடத்தில் இருக்க முடியாமல் துடிப்பதுமான ஏடிஎச்டி அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. தனக்கென்று விதி இல்லாததால், முன்னால் போனவர்கள் திறந்துவைத்த கதவு வழியாகவே அது தேர்வறைக்குள் வந்திருக்கிறது.

சென்னையின் விளிம்பில் பூந்தமல்லியில் 1931இல் தொடங்கப்பட்டது அரசு பார்வையற்றோர் பள்ளி. அங்கே படித்த பிள்ளை பொதுத் தேர்வு எழுத இன்னொருவர் கை தேவைப்பட்டது. தெற்கே தரமணியில் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சங்கமும், கோட்டூர்புரத்தில் பின்னாளில் வித்யாசாகர் என்று பெயர் மாறிய நிறுவனமும் 1980களில், பாடம் தெரிந்தும் கை ஒத்துழைக்காத பிள்ளைகளின் கல்வியைக் கையிலெடுத்தன. இந்த இயலாமைகள் கண்ணுக்குத் தெரிபவை. அறைக் கண்காணிப்பாளருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வாசிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா அப்படியல்ல. 1990களின் தொடக்கத்தில் உருவான மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம், அந்தப் பிள்ளைகள் சோம்பேறிகளோ மந்தமானவர்களோ அல்லர் என்று ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் புரியவைப்பதிலேயே பெரும்பாடு பட்டது. 1996இல் மகாராஷ்டிர அரசு கற்றல் குறைபாடு உள்ளோருக்குத் தேர்வுச் சலுகை அளித்தது. தமிழ்நாட்டிலும் மொழிப்பாட விலக்கு, கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் என்று மூன்றும் வந்தன. ஏடிஎச்டி உள்ள பலருக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருப்பதுண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு அந்தப் பெயரில் சலுகை கிடைத்தது. கற்றல் குறைபாடு இல்லாமல் கவனச் சிதறல் மட்டும் உள்ள பிள்ளைக்குக் காட்ட ஒரு பெயர் இல்லை.

பள்ளித் தேர்வில் கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பு தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் மிகப் பெரிது. தொழிற்கல்விக்கென 1984இல் மாநில அரசு கொண்டுவந்த நுழைவுத் தேர்வு 2007இல் நீக்கப்பட்டது. அதன்பின் பொறியியல், மருத்துவம் இரண்டுக்கும் பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோல். ஆக, பிளஸ் டூ தேர்வில் கிடைத்த சலுகையே கல்லூரிச் சேர்க்கைக்கான சலுகையாகவும் இருந்தது. 2017இல் மருத்துவச் சேர்க்கைக்கான தேசிய நுழைவுத் தேர்வான நீட் வந்ததும் மருத்துவத்தைப் பொறுத்தவரை அந்தத் தொடர்பு அறுந்தது. தாம்பரத்து மாணவர் பள்ளிக்கு ஒரு சான்றும் டெல்லி விதிக்கு இன்னொரு சான்றும் தேட வேண்டியதாயிற்று.

அதே 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த வகைகள் இதில் 21 ஆயின. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இடம்பெற்றது, ஆட்டிசம் இடம்பெற்றது, ஏடிஎச்டி இடம்பெறவில்லை. சலுகைக்கு 40 சதவீத இயலாமை என்ற அளவுகோலும் வைக்கப்பட்டது. சான்றுக்கு அலைவது தனிக் கதை. தாம்பரம் வட்டாரத்தினருக்கு 2019 நவம்பர் வரை மாவட்டத் தலைநகர் காஞ்சிபுரம். செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகே தூரம் குறைந்தது. பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் பட்டியலில் இல்லாத ஒன்றுக்கு, எவ்வளவு அருகில் மருத்துவர் இருந்தாலும், சதவீதம் போட்டுத் தர வழியில்லை.

அடுத்த மாற்றங்கள் நீதிமன்றத்திலிருந்து வந்தன. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்கு எழுத்துத் துணை கேட்ட விகாஷ் குமார் வழக்கில், 40 சதவீதம் இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நீட் தேர்வில், எழுதுவதில் சிரமம் தரும் டிஸ்கிராஃபியா உள்ள மாணவிக்குக் கூடுதல் நேரம் தராமல் விடைத்தாளை வாங்கிக்கொண்டார்கள். அது தவறு என்று நவம்பரில் நீதிமன்றம் சொன்னது. மறுதேர்வு மட்டும் கிடைக்கவில்லை. 2022 ஆகஸ்ட் 10 அன்று மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், 40 சதவீதத்துக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் தந்தன. நிபந்தனை ஒன்று: எழுதுவதில் சிரமம் இருப்பதாக மருத்துவச் சான்று வேண்டும்.

இங்கேதான் அந்த விதி தடுமாறியது. நீட்டில் யாரும் எதையும் எழுதுவதில்லை. ஓஎம்ஆர் தாளில் வட்டத்தைக் கருப்பாக்குகிறார்கள். 180 நிமிடத்தில் 180 கேள்வி. ஏடிஎச்டி உள்ளவருக்குக் கை நன்றாகவே ஓடும். நான்கு வரிக் கேள்வியை இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் நேரம் கரையும். அவருக்கு வேண்டியது கூடுதல் நிமிடங்களோடு இடையில் எழுந்து நடக்க ஓர் இடைவேளை, இரைச்சல் குறைந்த ஓர் அறை. கையை மட்டுமே பார்த்த அந்த விதியில் இவை வர இடமிருக்கவில்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மனநல மருத்துவக் கையேடு 1980இல் கவனக் குறைபாட்டைத் தனி நோயாகப் பெயரிட்டது. 1991இல் அந்நாட்டுக் கல்வித் துறை பள்ளிகளுக்கு அதைச் சுட்டிக்காட்டியது. அங்கே கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வில் கூடுதல் நேரம் பெற்றவரின் மதிப்பெண் அறிக்கையில் குறியிடும் வழக்கமும் 2003இல் நின்றது. அந்தத் தேர்வுக்குச் சென்னையிலிருந்து விண்ணப்பிக்கும் ஏடிஎச்டி மாணவரும் உளவியலாளரின் அறிக்கையைக் காட்டி ஒன்றரை மடங்கு நேரமும் இடைவேளையும் கேட்கலாம். அதே மாணவர் நீட் விண்ணப்பத்தில் நிரப்ப ஒரு கட்டம்கூட இருக்காது. வெளிநாடு போக வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் இந்தச் சலுகை எட்டுகிறது என்பது இதன் நடைமுறை விளைவு.

2025 பிப்ரவரி 3 அன்று குல்ஷன் குமார் வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற நீதிபதி ஆர். மகாதேவன் இடம்பெற்ற அமர்வு, தேர்வுச் சலுகைகளை மாற்றுத்திறனாளிகள் அனைவருக்கும் விரிக்கச் சொன்னது. 2022 நெறிமுறைகளைத் திருத்தவும் கட்டளையிட்டது. ஆனாலும் 2016 சட்டத்தின் அடிப்படைப் பட்டியல் 21 வகைகளோடுதான் இருக்கிறது. மத்திய அரசு அறிவிக்கும் வேறு வகைகளையும் சேர்க்கலாம் என்று அதே பட்டியலின் கடைசி வரி சொல்கிறது. எனவே ஏடிஎச்டியைச் சேர்க்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை; ஓர் அரசு அறிவிக்கை போதும்.